மகனின் பயிற்சிக் கொப்பியை யார் எழுதுவது?

கேள்வி:

வணக்கம் மிஸ். நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. ஓட்டம் என்றால் உயிர். இந்த முறை வலய மட்டப் போட்டியில் நாலாவதாக வந்தான், மாகாணத்துக்குப் போகக் கிடைக்கவில்லை. அவனுடைய அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அவர் அங்கிருந்தே சட்ஜிபிடியிடம் கேட்டு, 1500 மீற்றருக்கு 12 வாரப் பயிற்சித் திட்டம் ஒன்றை எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். கிழமைக்கு ஆறு நாள் ஓட்டம். விடிய 4.45க்கு எழும்பி ஓடுவான். பின்னேரத்தில் பெடியன்களோடு கடற்கரையில் பந்தும் அடிப்பான். இரவு பத்தரைக்கு அப்பா எடுப்பார், அன்றைக்கு ஓடியதைச் சொல்லிவிட்டுத்தான் படுப்பான்.

இப்போது ஆறாவது கிழமை. இரண்டு முழங்காலுக்கும் கீழே நோகுது என்கிறான், இடது பக்கம் கூட. சட்ஜிபிடி ஓய்வெடுத்து ஐஸ் வைக்கச் சொன்னது. இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்ப ஓடினான், திரும்பவும் நோ. இதற்கிடையில் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளையும் பயிற்சிக் கொப்பி எழுதச் சொன்னார். இவன் அதையும் போனில் எழுதுவித்து, அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதியிருக்கிறான். சேர் ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பார்த்து, "இது ஏஐ எழுதினது, பொய் எழுதுகிறவன் அணிக்கு வேண்டாம்" என்று ஏசிவிட்டார். பிள்ளை ஓட்டமே வேண்டாம் என்று இருக்கிறான். கணவரோ, "எங்கட கம்பனியில எல்லாரும் ரிப்போர்ட் அதிலதான் எழுதுகினம், இதில என்ன குற்றம்" என்கிறார். யார் சரி? கொப்பியின் இரண்டு பக்கங்களையும் அந்தத் திட்டத்தையும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இன்னொன்று. நல்ல சப்பாத்து வாங்குவதற்குக் கனடாவில் உள்ள பழைய மாணவர்களிடம் உதவி கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதையாவது அதில் எழுதலாமா?

– ஒரு தாய், உப்புவெளி

பதில்:

அம்மா, யார் சரி என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் முழங்கால்.

மகனைக் கதிரையில் இருத்திக் காலைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் இறங்கினால், கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்தில் ஒரு புடைப்பு கையில் தட்டும். அதைப் பெருவிரலால் மெல்ல அமத்திப் பாருங்கள். "அதிலதான் அம்மா" என்று காலை இழுத்துக்கொண்டால், குந்தி எழும்ப, படி இறங்க, முழந்தாளில் நிற்க நோகிறது என்றும் சொன்னால், அது பெரும்பாலும் ஒஸ்குட்-ஷ்லாட்டர் என்று நாங்கள் சொல்கிற வளர்ச்சிக் கால வலி. 1903 இல் பொஸ்டனில் ஒருவரும் சூரிச்சில் ஒருவரும் தனித்தனியாக எழுதி வைத்ததால் இரட்டைப் பெயர். பெயர்தான் பயங்கரம். ஓடிப் பாய்ந்து விளையாடுகிற, வேகமாக உயருகிற பிள்ளைகளில் அடிக்கடி காண்கிற ஒன்று.

நடப்பது இதுதான். முன்தொடைத் தசை முழுவதும் ஒரு தசைநாணாகத் திரண்டு அந்தப் புடைப்பில் வந்து ஒட்டுகிறது. பெரியவர்களுக்கு அந்த இடம் இறுகிய எலும்பு. உங்கள் மகனுக்கு அது இன்னும் வளர்ச்சிக் குருத்தெலும்பு. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாது, ஆகவே ஏற்கெனவே அது இறுக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு எட்டும், ஒவ்வொரு பாய்ச்சலும், ஒவ்வொரு பந்து உதையும் அதே இடத்தில் போய் இழுக்கிறது. இரண்டு நாள் நிறுத்தினால் நோ அடங்கும், ஆனால் இழுத்த காரணம் போகாது. திரும்ப அதே ஆறு நாள் ஓட்டத்துக்குப் போனதும் நோ திரும்ப வந்ததில் ஆச்சரியம் இல்லை.

நான் டொக்டர் இல்லை, இயன்மருத்துவர். கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க டொக்டராலும் முடியாது. ஆகவே மகனைத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். இடுப்பை அசைத்துப் பார்க்கும்படியும் கேளுங்கள். இந்த வயதில் இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முழங்கால் வலியாக வேஷம் போட்டு வரும், அதைத் தவறவிடக் கூடாது. நொண்டி நடக்கிறான், நித்திரையில் நோ எழுப்புகிறது, முழங்கால் முழுவதும் வீங்குகிறது, காய்ச்சல் இருக்கிறது, ஓடும்போது "டக்" என்று ஏதோ அறுந்தது போல இருந்து அதன்பின் காலை நீட்ட முடியவில்லை - இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாள் பார்க்காமல் உடனே போங்கள்.

அப்படி எதுவும் இல்லை, ஒஸ்குட்தான் என்று டொக்டர் சொன்னால், அடுத்த நான்கு கிழமைக்குத் திட்டத்தைத் தூக்கி வையுங்கள். கட்டிலில் படுக்க வைக்கவும் வேண்டாம். மகனுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்: நோ இல்லாவிட்டால் 0, தாங்கவே முடியாதது 10. எதைச் செய்தாலும் 3க்கு மேலே போகக் கூடாது, மறுநாள் காலை எழும்பும்போது முதல் நாளைவிடக் கூடியிருக்கவும் கூடாது. அந்த எல்லைக்குள் சைக்கிள் ஓடலாம். கடல் அமைதியான மாதம் என்றால் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க நீந்தலாம். சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, அதை அமத்துவது போலத் தொடைத் தசையை 10 விநாடி இறுக்கி விடுகிற பயிற்சியை ஒவ்வொரு நாளும் செய்யட்டும். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்திப் பிடிக்கிற பயிற்சியையும் சேர்க்கலாம். ஐஸ் வைப்பதில் பிழை இல்லை, துணியில் சுற்றி 10, 15 நிமிடம். அது நோவைக் குறைக்கும், அவ்வளவுதான். முழுக்கத் தீர மாதங்கள் எடுக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலேயும் போகும். வளர்ச்சி முடிய அநேகமாகத் தானே போய்விடும், ஆனால் அந்தப் புடைப்பு மட்டும் சிலருக்கு வாழ்நாள் முழுக்க இருக்கும். நீளக் காற்சட்டைக்குள் யாருக்கும் தெரியாது.

சரி, இப்போது அந்தத் திட்டம்.

அதில் உள்ளது முழுப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். மெதுவான ஓட்டம், விட்டு விட்டு வேக ஓட்டம், ஒரு நீண்ட ஓட்டம், ஒரு நாள் ஓய்வு என்று புத்தகத்தில் இருக்கிற எல்லாம் இருக்கின்றன. சட்ஜிபிடி போன்றவை மனிதர் எழுதிய ஏராளமான எழுத்தை விழுங்கி, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகின்றன. ஓட்டப் பயிற்சி பற்றி இணையத்தில் குவிந்திருப்பதில் பெரும்பகுதி குளிர்நாட்டுப் பெரியவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதியது. நீங்கள் அனுப்பிய திட்டத்திலேயே பாருங்கள், "குளிர்ந்த காலைகளில் உடலைச் சூடேற்றக் கூடுதலாக 10 நிமிடம்" என்று இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற ஜூலையில், உப்புவெளியில்! விடியக் காலையில் ஓடுவது என்று மாற்றியது நீங்கள்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் திட்டத்தில் பின்னேரம் 4 மணி என்று போட்டிருக்கிறது. அந்த ஒரு மாற்றத்துக்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் வெயிலைவிட முக்கியமான மூன்று விஷயங்கள் அதற்குத் தெரியாது. மூன்றும் உங்கள் கடிதத்தில், நீங்கள் பெரிதாக எண்ணாமல் எழுதிய வரிகளில் இருக்கின்றன.

ஒன்று, கடற்கரைப் பந்து. அப்பா "ஒரு கிழமைக்கு எவ்வளவு பயிற்சி" என்று கேட்டபோது அந்தக் கணக்கில் இது இல்லை. மணலில் வெறுங்காலோடு ஒரு மணித்தியாலம் ஓடி உதைப்பது சின்ன வேலை இல்லை. திட்டத்தின் ஓட்டம், பந்து, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிப் பாடம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற மருத்துவரும் குழுவினரும் 2015 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எங்கள் துறையில் எல்லாரும் சொல்வது. வயது எத்தனையோ, கிழமைக்கு அத்தனை மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சியிலும் போட்டியிலும் ஈடுபட்ட பிள்ளைகளுக்குப் பளு மிஞ்சி வருகிற பாரதூரமான காயங்கள் கூடுதலாக இருந்தன. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: ஒழுங்கமைத்த பயிற்சி, பிள்ளைகள் தாங்களாக விளையாடுகிற விளையாட்டைவிட இரண்டு மடங்குக்கு மேலே போகும்போதும் காயம் கூடியது. ஆகவே பந்தை நிறுத்துகிறேன் என்று ஓடாதீர்கள். நோ அடங்கும் வரை அவன் பந்துக்கும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் திரும்பத் தொடங்கும்போது முதலில் வெட்ட வேண்டியது திட்டத்தின் ஆறு நாளை. நான் என்றால் மூன்று நாளோடு தொடங்குவேன். கடற்கரை அவனுக்கே இருக்கட்டும்.

இரண்டு, உயரம். திட்டத்துக்கு 13 என்ற எண் மட்டும் தெரியும். 13 வயதுப் பெடியன்களை ஏகாம்பரம் மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் நிற்பவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போல இருப்பான். ஆண் பிள்ளைகள் சராசரியாக 14 வயதை ஒட்டித்தான் ஆக வேகமாக உயருகிறார்கள், அந்த ஒரு வருடத்தில் 8, 9 சென்றிமீற்றர் போகலாம், சிலருக்கு அதற்கும் மேலே. ஆனால் இரண்டு வருடம் முன்பின் இருப்பது சாதாரணம். அந்த வேக வளர்ச்சி நடக்கும்போதுதான் முழங்காலும் குதிக்காலும் நோகும், நேற்றுவரை அழகாக ஓடியவன் இன்று கைகால் தட்டுப்பட ஓடுவான், நேரமும் குறையாமல் நிற்கும். சுவரில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, காலையில், சப்பாத்து இல்லாமல். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு சென்றிமீற்றர் ஏறுகிறது என்றால் அது வேகத்தைக் கூட்டுகிற மாதம் இல்லை, பொறுக்கிற மாதம்.

வலயத்தில் நாலாவது என்றீர்கள். முன்னால் வந்த மூவரில் எத்தனை பேர் முதலே வளர்ந்து முடித்தவர்கள் என்று தெரியுமா? யுப்புன் அபேகோன் 2022 ஜூலையில் சுவிற்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 விநாடியில் ஓடினார், 10 விநாடிக்குள் ஓடிய முதல் தென்னாசியர். அப்போது அவருக்கு 27 வயது. பிறந்தது டிசம்பர் 31. பிறந்த வருடத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தால் அந்த வருடத்தின் ஆகக் கடைசிப் பிள்ளை அவர்தான். உங்கள் மகனுக்கு 27 வயதாக இன்னும் 14 வருடம் இருக்கிறது. 12 வாரத்தில் என்ன அவசரம்?

மூன்றாவது, நித்திரை. இதைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். கட்டாருக்கும் எங்களுக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அப்பா வேலை முடிந்து குளித்து, இரவு எட்டு மணிக்கு எடுக்கும்போது உப்புவெளியில் பத்தரை. பேசி முடித்துப் படுக்கப் பதினொன்று. விடிய 4.45க்கு எழும்பினால் ஆறு மணித்தியாலம்கூடத் தேறவில்லை. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும். வளர்கிற உடம்பு திருத்த வேலை செய்கிற நேரம் அது. அப்பா மகனை எவ்வளவு நேசிக்கிறார் என்பது அந்தத் தொலைபேசி அழைப்பிலும் தெரிகிறது, திட்டத்திலும் தெரிகிறது. இரண்டும் சேர்ந்துதான் பிள்ளையின் நித்திரையைத் தின்கின்றன. இதை அவரிடம் குற்றமாகச் சொல்லாதீர்கள். ஓடிய கதையை மகன் பின்னேரமே குரல் பதிவாக அனுப்பட்டும், அப்பா தன் நேரத்துக்குக் கேட்டுப் பதில் போடட்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவாக இருக்கும், அன்று பின்னேரம் ஆறுதலாகப் பேசலாம். ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும். எழும்புகிற நேரத்தையும் பிந்தப் போடுங்கள், ஓடாத நாட்களில் விடிய எழும்பவே வேண்டாம்.

இனிக் கொப்பி. உங்கள் வீட்டில் சண்டை இதைப் பற்றித்தான் நடக்கிறது, எனக்கும் சொல்வதற்கு அதிகம் இருப்பது இதில்தான்.

நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "இன்றைய பயிற்சி சவாலானதாக இருந்தபோதிலும் மிகுந்த மனநிறைவை அளித்தது. எனது வேகத்திலும் சகிப்புத்தன்மையிலும் முன்னேற்றத்தை உணர்கிறேன். விடாமுயற்சியே வெற்றியின் அடித்தளம் என்பதைப் புரிந்துகொண்டேன்." இரண்டாவது பக்கம் இரண்டு நாள் கழித்து. சொற்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கின்றன, விடாமுயற்சி மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டிலும் கால் இல்லை. ஆனால் இரண்டாவது பக்கத்தில், திகதிக்குப் பக்கத்தில், பென்சிலால் சின்னதாக "கால் நோ" என்று இருக்கிறது. நீங்கள் கவனித்தீர்களோ தெரியவில்லை. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் தெரியும்.

அந்தக் கொப்பியில் எனக்குப் பயன்பட்டது அந்த இரண்டு சொல்தான்.

என் அறைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது எங்கே நோகிறது என்று இல்லை, எப்போது தொடங்கியது என்று. அதற்குப் பத்தில் எட்டுப் பிள்ளைகள் தாயைத் திரும்பிப் பார்ப்பார்கள். தாய் "போன கிழமை எண்டு நினைக்கிறன்" என்பார். கொப்பி இருந்தால் அதில் பார்க்கலாம்: எந்த நாளில் தூரம் கூடியது, எந்த நாளில் முதல் நோ, இடையில் எத்தனை நாள் நித்திரை குறைந்தது. உங்கள் மகன் முதல் கிழமையிலிருந்தே "இடது முழங்கால் படி இறங்கேக்க குத்துது, ரியூசன் முடிய எட்டரை, சாப்பிட மனமில்லை" என்று தன் வாயால் வருகிறபடி மூன்று வரி எழுதியிருந்தால், உங்கள் கடிதம் எனக்கு ஒரு மாதத்துக்கு முன்பே வந்திருக்கும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், "நோகுது" என்பதை "நேகுது" என்று எழுதினாலும் எனக்கு விளங்கும்.

கணவர் சொல்வதற்கு என் பதில் இது. கம்பனி ரிப்போர்ட்டில் உள்ள விஷயம் ஏற்கெனவே வேறு எங்கோ இருக்கிறது: கணக்கில், களஞ்சியத்தில், யாரோ எடுத்த அளவில். அதை ஒழுங்காக எழுதித் தரத்தான் இயந்திரத்தைப் பிடிக்கிறார்கள், பிடிக்கட்டும். மகனின் முழங்காலில் என்ன நடந்தது என்பது மகனிடம் மட்டும்தான் இருக்கிறது. அவன் சொல்லாததை இயந்திரம் எங்கிருந்து எடுக்கும்? இல்லாத இடத்தை நல்ல சொல்லால் நிரப்பும். அமெரிக்காவில் கன்னெட் என்ற பெரிய பத்திரிகை நிறுவனம் பாடசாலை விளையாட்டுச் செய்திகளை இப்படி இயந்திரத்தால் எழுதுவித்துப் பார்த்து, வாசகர்களின் சிரிப்புக்கு ஆளாகி, 2023 ஓகஸ்டில் நிறுத்தி வைத்தது. ஒரு செய்தியில் அணிகளின் பட்டப்பெயர் வரவேண்டிய இடத்தில் நிரப்பாத வெற்றுக் குறிகள் அப்படியே வெளிவந்தன. விளையாடிய பிள்ளைகளின் பெயரே இல்லாத செய்திகளும் வந்தன. பாவம், அதற்குக் கொடுக்கப்பட்டது புள்ளி விவரம் மட்டும்தான். ஆட்டத்தை அது பார்க்கவில்லை.

சேர் கோபப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்றைக்கு அணியிலுள்ள பிள்ளைகளைக் கொப்பி எழுதச் சொல்லி, அதை வாசிக்கவும் செய்கிற ஆசிரியர் கிடைப்பது பெரிய விஷயம், உங்கள் மகனுக்கு அது வாய்த்திருக்கிறது. ஆனால் அவர் செய்த இரண்டு காரியத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தச் செயலி முதலாவது. ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளைக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, சரியாகக் கணிக்கவில்லை என்று சொல்லி ஜூலையில் எடுத்துவிட்டது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை தீர்ப்புச் சொன்னன. ஆங்கிலத்திலேயே இந்த நிலை என்றால் தமிழில் அவற்றை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். இந்த முறை உங்கள் மகன் ஒப்புக்கொண்டான், சரி. அடுத்த முறை நல்ல தமிழில் தானாக எழுதுகிற ஒரு பிள்ளை மாட்டுப்படும். சேருக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது: "செவ்வாய்க்கிழமை எந்தச் சுற்றில கஷ்டமா இருந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இரண்டாவது, அணியிலிருந்து விலக்கும் பேச்சு. பிள்ளை ஏன் இயந்திரத்திடம் போனான் என்று யாரும் அவனிடம் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. பஞ்சி ஒரு காரணமாக இருக்கலாம், 13 வயதில் எழுத்து வேலை யாருக்குத்தான் பிடிக்கும். ஆனால் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தால் எனக்கு வேறு சந்தேகம். நோகிறது என்று மையால் எழுதினால் சேர் நிற்பாட்டிவிடுவார், அப்பா கவலைப்படுவார், 12 வாரத் திட்டம் உடையும். இயந்திரம் எழுதித் தந்ததில் யாருக்கும் கவலை இல்லை. ஓடுகிற பிள்ளைகள் நோவை மறைப்பது இயந்திரம் வருவதற்கு முன்பும் இருந்தது, முன்பு "ஒண்டுமில்லை சேர்" என்று சொல்வார்கள். இப்போது அது மூன்று அழகான வசனமாக வருகிறது. பொய் எழுதினால் அணியில் இல்லை, உண்மை எழுதினாலும் அணியில் இல்லை என்று பிள்ளை நினைத்தால், கொப்பியில் ஒருநாளும் கால் வராது.

ஆகவே நீங்கள் சேரைப் போய்ச் சந்தியுங்கள். கோபமாகப் போகாதீர்கள், முழங்காலைப் பற்றிப் பேசப் போங்கள். டொக்டர் சொன்னதைச் சொல்லுங்கள். "இவன் நோவை எழுதினா அணியில இருந்து எடுக்க மாட்டன், பயிற்சியைத்தான் மாத்துவன்" என்று சேர் வாயால் மகனுக்கு முன்னால் ஒருமுறை சொல்லிவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். மகன் மன்னிப்புக் கேட்கட்டும், அது அவனுடைய பங்கு.

கொப்பி எப்படி எழுதுவது என்றும் சேரோடு பேசுங்கள். கட்டுரை கேட்டால் பிள்ளைகள் கட்டுரைதான் தருவார்கள். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். என்ன செய்தான், எத்தனை நிமிடம், கடற்கரைப் பந்தும் சேர்த்து. எவ்வளவு கஷ்டம் என்று 0 முதல் 10க்குள் ஒரு எண், பயிற்சி முடிந்து அரை மணித்தியாலம் கழித்துப் போட வேண்டும், உடனே கேட்டால் கடைசிச் சுற்றின் களைப்பைத்தான் சொல்வான். எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்பினான். எங்கே நோகிறது, எத்தனை. கடைசி வரியில் எதையும் எழுதலாம், சேரைத் திட்டியும் எழுதலாம். நிமிடத்தைக் கஷ்ட எண்ணால் பெருக்கினால் அன்றைய பளு வரும். 40 நிமிடம், கஷ்டம் 6 என்றால் 240. கார்ல் ஃபொஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது, உலகத் தரப் பயிற்றுநர்களும் இதைத்தான் பாவிக்கிறார்கள், ஒரு சதமும் செலவில்லை. இதில் பார்க்க வேண்டியது கூட்டுத்தொகையைவிட ஒரு சின்ன விஷயத்தை: போன கிழமை 5 என்று போட்ட அதே ஓட்டத்துக்கு இந்தக் கிழமை 8 போடுகிறானா? போட்டால் ஏதோ ஒன்று பிழை. நித்திரை, சாப்பாடு, காய்ச்சல், பரீட்சைப் பயம், வீட்டுப் பிரச்சினை, எதுவாகவும் இருக்கலாம். கேட்டால் சொல்வான்.

அப்பாவுக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு இயந்திரத்தோடு பேசப் பிடிக்கிறது என்றால் இனி வேறு விதமாகப் பேசட்டும். டொக்டர் எழுதிய ஆங்கிலச் சொல்லை விளங்கிக்கொள்ள, கிளினிக்கில் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட, மகன் எழுதிய எண்களை ஓர் அட்டவணையாக்க அது நல்ல உதவி. மறுபடியும் திட்டம் கேட்பதென்றால், கொப்பியில் உள்ளதை முழுக்கக் கொடுத்து, "இதில் எதைக் குறைக்க வேண்டும்" என்று கேட்கட்டும். "இன்னும் எப்படி வேகமாக்கலாம்" என்று கேட்டால் அது வேகமாக்கத்தான் வழி சொல்லும், கேட்டவரை மறுத்துப் பேசுகிற பழக்கம் அதற்குக் குறைவு. வருகிற பதிலைச் சேருக்குக் காட்டாமல் மகனுக்கு அனுப்ப வேண்டாம். பிள்ளையின் பெயர், பாடசாலை, படம் எதையும் அதில் போடவும் வேண்டாம்.

கனடாவுக்குக் கடிதம் தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்தில் மரியாதையாக ஒரு கடிதம் எழுத வராதவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வசதி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே போகிற விஷயம் உங்களுடையதாக இருக்கட்டும்: எந்தப் போட்டியில் எத்தனையாவதாக வந்தான், இப்போது எந்தச் சப்பாத்தில் ஓடுகிறான், அது எங்கே கிழிந்திருக்கிறது, என்ன விலைக்கு எது வேண்டும். "இளம் திறமைகளை ஊக்குவிக்கும் தங்கள் உன்னத நோக்கம்" என்று தொடங்குகிற கடிதங்கள் அவர்களுக்கு இப்போது நிறையப் போகும். கிழிந்த சப்பாத்தின் படம் ஒன்றை இணைத்துவிடுங்கள். சேரின் கையெழுத்தும் இருந்தால் நல்லது.

ஆணிச் சப்பாத்து கேட்காதீர்கள், இந்த முழங்காலுக்கு இப்போது அது வேண்டாம். சாதாரணப் பயிற்சிச் சப்பாத்து போதும். காலை அளப்பது பின்னேரத்தில், இரண்டு காலையும், நின்றபடி. பெரிய காலின் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கனடாவிலிருந்து வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதற்குள் அவன் கால் வளர்ந்துவிடும். ஆகவே இயலுமானால் சப்பாத்தாக அனுப்பாமல் காசாக அனுப்பச் சொல்லுங்கள், இங்கே அவனையே கூட்டிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்கலாம்.